நல்ல பெயரோடு லாட்ஜை விட்டேன்

ஸ்ரீவராகம்,
திருவனந்தபுரம்.
12-8-1998

சிரஞ்சீவி தம்பி சேஷனுக்கு அண்ணா பிச்சுமணி அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. நீயும் ஸ்நேகாவும் சௌக்கியம் என்று நானே வைத்துக்கொள்கிறேன். என் சௌக்கியத்தைப் படித்துவிட்டு நீயே தீர்மானித்துக்கொள்.

நான் லாட்ஜை விட்டுவிட்டேன். எதிராத்து மாமி இதைக் கேட்டதும் உன் மன்னி சுப்புலக்ஷ்மியிடம், "மாமா தம்பானூர் லாட்ஜிலயா இருந்தார்? ஆத்துல ஏதாவது சண்டையா?" என்று விசாரிக்க வந்துவிட்டாள். நான் சொல்வது மாதம் ஒரு முறை கூடும் எங்கள் சகோதர சங்கத்தை; அதற்கும் லாட்ஜ் என்றுதான் பெயர். பதினெட்டு வருஷமாக அதில் இருக்கிறேன். என்னோடு ஆபீசில் இருந்த ஸ்ரீனிவாசனை அங்கே சேர்த்ததே நான்தான். அந்த ஸ்ரீனிவாசனை இந்த வருஷம் தலைவராக்கிவிட்டார்கள். பொறாமை என்று நினைக்காதே. தலைவர் கழுத்தில் போடுகிற நீலப் பட்டை அவனுக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை என்றுதான் வீட்டில் சொன்னேன். உன் மன்னி அவன் பட்டையோடு நிற்கிற போட்டோவைப் பார்த்துவிட்டு, "பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரின்னா இருக்கார்" என்றாள். காப்பியை அப்படியே வைத்துவிட்டு விலகல் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

விலகுவதற்கும் முறை இருக்கிறது. செயலாளரிடம் கடிதம் கொடுக்க வேண்டும், சந்தா பாக்கி இருக்கக்கூடாது, நம்மேல் புகார் இருக்கக்கூடாது, கூட்டத்தில் வாசித்துச் சம்மதம் கேட்க வேண்டும், அப்புறம்தான் 'நல்ல நிலையில் விலகினார்' என்று சர்டிபிகேட். எங்கேயாவது இடிக்கும், எல்லோரும் கெஞ்சுவார்கள், இரண்டு கூட்டம் பிகு பண்ணிவிட்டு இருந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். செயலாளர் தங்கப்பன் ரிஜிஸ்டரைப் புரட்டி, "சாரே, பாக்கி இல்ல, புகார் இல்ல. ஒரு குழப்பமும் வராது, கேட்டோ" என்றார் தன் மலையாளத் தமிழில். பதினெட்டு வருஷத்தில் என்மேல் ஒரு புகார் எழுதக்கூட ஒருத்தருக்கும் தோன்றவில்லை, பார்.

கூட்டத்தில் கடிதத்தை வாசித்தார்கள். ஸ்ரீனிவாசன் பட்டையைச் சரிசெய்துகொண்டு, "சகோதரரின் விருப்பத்தை ஏற்பவர்கள் கை தூக்கலாம்" என்றான். எல்லாக் கையும் மேலே போயிற்று. பழக்க தோஷத்தில் நானும் தூக்கிவிட்டேன். ஏகமனதாக என்று தங்கப்பன் எழுதிக்கொண்டார்.

வாசலில் ஸ்ரீனிவாசன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஏண்டா, போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா?" என்று கேட்டேன். "நீ கேட்டு நான் எதையாவது மாட்டேன்னிருக்கேனா, பிச்சு?" என்றான். கண் கலங்கியிருந்தது. அதுவும் அவனுக்கு நன்றாகத்தான் இருந்தது.

ஆகவே மதராஸில் உனக்குத் தெரிந்த லாட்ஜ் ஏதாவது இருந்தால் உடனே விசாரி. சர்டிபிகேட் நகல் இதோடு இருக்கிறது. மாதாமாதம் ரயிலேறி வந்துவிடுவேன். இவன் முகத்தில் இனி விழிப்பதாக இல்லை.

குழந்தைகள் நோய்நொடி இல்லாமல் நன்றாகப் படிக்கட்டும். ஸ்நேகாவுக்கு எங்கள் இருவருடைய ஆசிகள்.

இப்படிக்கு,
அண்ணா பிச்சுமணி

பி.கு.: மதராஸில் யாரிடமும் விசாரிக்க வேண்டாம். இந்தக் கவரை ஒட்டுவதற்குள் ஸ்ரீனிவாசன் ஸ்கூட்டரில் வந்தான். விலகியவர் மறுபடி சேர விண்ணப்பம் போடலாமாம். முன்மொழிந்து தானே கையெழுத்தும் போட்டுக் கொண்டுவந்திருந்தான். நானும் போட்டுவிட்டேன். சேர்ந்த பிறகு தலைவர் பதவிக்கு நிற்கலாம் என்றிருக்கிறேன். அதற்கும் அவன்தான் முன்மொழிய வேண்டும். இன்னும் அவனிடம் சொல்லவில்லை.