மூன்று சீட்டு

டோர்ட்மண்ட்,
பங்குனி, மழை.

அன்பு மிகுந்த பெரியமாமாவுக்கு மருமகள் ஆதிரை எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். வுப்பர்டாலில் உங்கள் முழங்காலும் மாமியின் தையல் மெஷினும் சண்டையின்றி இயங்கும் என நம்புகிறேன்.

கடிதமாக எழுதக் காரணம் உண்டு. ரெலிபோனில் சொன்னால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள். மாமி கேட்பார். மாமி கேட்டால் ஜெர்மனி முழுவதும் கேட்கும்.

நேற்று நீங்கள் கேட்டீர்கள்: “என்னடி பிள்ளை, கொம்மா புதுச் சீட்டிலை தனக்கு மூண்டு போடச் சொல்லுறா. வீடு கீடு வாங்கப் போறியளோ?” நான் ரெலிபோனை வைத்துவிட்டேன். மன்னியுங்கள். வெட்கம். நீங்கள் பிடிக்கும் சீட்டில் அந்த மூன்றும் என் மொழிபெயர்ப்புப் பிழை.

முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் மொழியியல் பட்டதாரி. பட்டமளிப்பு மண்டபத்தில் “இதுக்கு எங்கை வேலை?” என்று உரக்கக் கேட்டவர் நீங்கள். நல்ல கேள்வி. இரண்டு வருடமாக ஆஸ்பத்திரிகளில் மொழிபெயர்க்கிறேன். ஒருநாள் நம்மவர் ஒருவர் “நெஞ்சுக்கை என்னவோ உருளுது” என்றார். அந்த உருளலை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுபோனேன். டொக்டர் கேட்டார். பிறகு அவர் நெஞ்சில் கையை வைத்தார். சொல் என்னுடையது. கை அவருடையது. அன்று எனக்கு அந்தக் கை வேண்டும் போலிருந்தது.

மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். ஆனால் பள்ளியில் வேதியியலைக் கைவிட்டவள் நான். விண்ணப்பிக்கும் முன் அடிப்படைகளைச் சொல்லித்தரும் தனியார் வகுப்புகள் உண்டு. அவை பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கித் தரா. இடம் கிடைத்தால் மூழ்காமல் காக்கும். எந்தப் பாடங்கள் வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்க வேண்டும்; காசு முற்பணம். பார்க்கப் போனோம். அப்பாவும் அம்மாவும் கோயிலுக்குப் போகும் உடுப்பில் வந்தார்கள். உடற்கூற்று வகுப்பில் அப்பா நேரே எலும்புக்கூட்டிடம் போய், அதன் தோளைத் தட்டிப் பார்த்து, “இது உண்மையான ஆளோ?” என்று கேட்க, பிளாஸ்டிக் என்று அவர்கள் சொல்ல, “பிளாஸ்டிக்குக்கு இந்த விலையோ? கழிச்சுத் தாங்கோ” என்று அவர் தமிழிலேயே பேரம் பேசத் தொடங்க, நான் மொழிபெயர்க்க மறுத்து, எலும்புக்கூட்டின் பின்னால் நின்றேன். அத்தோடு உடற்கூறு போயிற்று.

அம்மா வேறு அறையில் இருந்தார். வேதியியல் ஆசிரியையிடம், தன் ஜெர்மனில், ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். “என்ரை மகளுக்கு இந்தப் பாடம் பயம். பயந்த பிள்ளையளுக்கு எப்பிடிப் படிப்பிப்பீங்கள்?” அந்தப் பெண் கதிரையை இழுத்துப் போட்டு அம்மாவின் முன் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் விலையையும் நேர அட்டவணையையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. அங்கேயே சேர்வது என்று முடிவாயிற்று. வேதியியல், இயற்பியல், உயிரியல்.

பிழை அன்றைய சாப்பாட்டில் நடந்தது. ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஒரு சான்றிதழ் தருவார்கள். ஜெர்மனில் அதற்கு ஷைன் என்று பெயர். துண்டுக் காகிதம். காசுத் தாளுக்கும் அதே சொல்தான். அம்மாவுக்கு எளிதாக இருக்கட்டும் என்று தமிழாக்கினேன்.

“மூண்டு சீட்டு எடுக்கவேணும் அம்மா.”

“மூண்டோ? ஆர் பிடிக்கினம்?”

“ஒரு நிறுவனம்.”

“ஜெர்மன்காரரோ?”

“ஓம்.”

“அவையளிட்டைச் சீட்டுப் போட ஏலாது. கழிவும் தெரியாது, ஏலம் கூறவும் தெரியாது. நித்தி அண்ணையிட்டைப் போடுவம்” என்று உங்கள் பெயரைச் சொன்னார்.

அப்பா பருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரித்தேன். பகிடி என்று நினைத்தேன். மறுநாள் அம்மா உங்களுக்கு ரெலிபோன் எடுத்துவிட்டார்.

பெரியமாமா, மூன்று சீட்டுக் கட்டுவதற்காக அம்மா பேக்கரியில் சனிக்கிழமையும் வேலை கேட்டிருக்கிறார். எதற்கு என்று விளங்காமலே மூன்று மடங்கு உழைக்க ஒருவரால் முடிகிறது. அதை நினைத்து வியக்கிறேன். ஆனால் பிழை பிழைதான். வகுப்புக் காசுக்கு ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டை வெட்டிவிடுங்கள். முதல் மாதத் தாய்ச்சீட்டு வழமைபோல், சீட்டுப் பிடிக்கும் உங்களுக்கு. அடுத்த மாதச் சீட்டை மட்டும் அம்மாவுக்கு ஒதுக்கித் தாருங்கள். அந்த மாதக் கடைசிக்குள் காசு கட்டாவிட்டால் வகுப்பில் என் இடம் இன்னொருவருக்குப் போய்விடும். அம்மாவிடம் எதுவும் கேட்க வேண்டாம். மொழி விளங்காதவரைச் சங்கடப்படுத்தக் கூடாது.

மாமிக்கு என் அன்பு. உங்கள் வீட்டுப் படிகள் முழங்காலுக்கு இரங்கட்டும். வாசித்ததும் கிழித்துவிடுங்கள்.

உங்கள் ஆசியை வேண்டும்,
ஆதிரை

பி.கு.: முத்திரை கேட்டபோது அம்மா கடிதத்தையும் வாங்கிக்கொண்டார். கண்ணாடி போட்டார். கடைசிவரை வாசித்தார். உடம்பு குலுங்கச் சிரித்தார்.

“ஷைன் எண்டால் எனக்குத் தெரியாதோ? இந்த நாட்டுக்கு வந்த நாளிலை இருந்து எத்தினை ஷைனுக்கு வரிசையிலை நிண்டனான்!”

“பின்னை ஏன் மூண்டு சீட்டு?”

“ஒண்டு உன்ரை பாடத்துக்கு. ஒண்டு, முதல் தரம் இடம் கிடைக்காட்டி, அடுத்த வருஷமும் நீ பயப்படாமல் படிக்க.”

இரண்டாம் முறையும் முயல நேரலாம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. இரவெல்லாம் நினைப்பது அதைத்தான்.

“மூண்டாவது?”

“இடம் கிடைச்சால் உனக்கு ஆஸ்பத்திரிப் பயிற்சி விடிய ஆறு மணிக்கெல்லே. அந்த நேரம் எங்கடை தெருவிலை பஸ் இல்லை. கொப்பாவுக்குக் கண் காணாது. நான் கார் ஓடப் பழகப் போறன். லைசென்ஸ், ஃபியூரர்ஷைன். அதுவும் ஷைன்தானே, டொக்டர்?”

ஆகவே, பெரியமாமா, மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். மூன்றும் இருக்கட்டும். மொழியியலுக்கு எங்கே வேலை என்று கேட்டீர்களே, இந்த வீட்டில் இல்லை.