எண்பத்து நாலு பேர் பின்பாட்டு

அரியலூர்,
10.2.1983

சேலத்தில் நிம்மதியாகக் குடியிருக்கும் மைத்துனர் திரு. வைரக்கண்ணு அவர்களுக்கு, மாமா கண்ணையன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அக்காள் கிருஷ்ணம்மாளும் உடம்பளவில் சுகம். மனசைப் பற்றி நீங்கள் கேட்க வேண்டியதில்லை, நானே சொல்கிறேன்.

மாற்றலாகிப் போகும்போது, "ஆறே மாசம் பாத்துக்குங்க மாமா, திரும்பி வந்துடுறேன்" என்று சொல்லி, நீங்கள் ஆரம்பித்த ஊர்ச் சேர்ந்திசைக் குழுவை என் தலையில் கட்டிவிட்டுப் போனீர்கள். நாலு வருஷம் ஆகிறது. அன்று முப்பது பேர், இன்று எண்பத்து நாலு பேர். ரயில்வேயில் முப்பது வருஷம் டிக்கெட் கொடுத்தவன் நான். கேட்டவருக்குக் கொடுத்துத்தான் பழக்கம், உள்ளே இடம் இருக்கிறதா என்று பார்த்துப் பழக்கமில்லை. இவர்கள் எல்லோரும் பஜனையிலும் நடவு வயலிலும் பாடி வளர்ந்தவர்கள். முன்னால் நிற்பவர் ஒரு வரி சொன்னால் அதை அப்படியே திருப்பிப் பாட வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்த சட்டம். "நிறுத்துங்க" என்றால் "நிறுத்துங்க" என்று பாடுகிறார்கள். "அய்யோ, பாட்டைத்தான் நிறுத்தச் சொன்னேன்" என்றால் அதற்கும் ஒரு ராகம் கிடைத்துவிடுகிறது. நடுவில் ஆலைச் சங்கு ஊதிவிட்டால் பாதிப் பேர் சங்கின் சுருதிக்குத் தாவுகிறார்கள், மீதிப் பேர் ஷிப்டுக்கு ஓடுகிறார்கள்.

போன மாசம் சிறுவாச்சூர் கோயிலில் மேடை ஏறினோம். மைக்செட்காரரிடம் "அந்த மைக்கைத் தள்ளி வைப்பா" என்றேன். எண்பத்து நாலு பேரும் "அந்த மைக்கைத் தள்ளி வைப்பா" என்று உருகிவிட்டார்கள். கடைசியில் பெண்கள் குலவை வேறு போட்டார்கள். முன்வரிசையில் ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு அவமானத்தில் இருமல் வந்தது, அதையும் இரண்டு காலத்தில் பாடினார்கள். கீழே இறங்கியதும் தா.பழூர் குஞ்சம்மாளைப் பிடித்துக்கொண்டேன், குலவைக்கு அந்தம்மாதான் தலைவி. "ஏம்மா, எது பாட்டு எது பேச்சுன்னு தெரியாதா?" என்றேன். "எப்படிங்க தெரியும்? நீங்க ரெண்டையும் ஒரே மாதிரிதானங்க சொல்றீங்க" என்றது. வூட்டுக்கு வந்து படுத்துட்டேன். உங்க அக்காவும் குழுவிலதானே இருக்கா, "தண்ணி கொண்டா"ன்னா உள்ள இருந்து "தண்ணி கொண்டா"ன்னு வருது, தண்ணி வரல.

எனக்கு முடியல மாப்பிள்ளை. டாக்டரும் தொண்டைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லிட்டார். உங்களுக்குக் கொடுத்த வாக்குக்காகத்தான் இத்தனை நாள் இழுத்துக்கிட்டு வந்தேன். வர்ற ஞாயித்துக்கிழமை ஒத்திகையில எழுந்து நின்னு விலகுறேன்னு சொல்லிடப்போறேன். நீங்க லீவு போட்டு வந்து உங்க குழுவை எடுத்துக்குங்க, இல்லைன்னா கலைச்சுட்டுப் போங்க.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும், பிள்ளைகளை மட்டும் எந்தக் குழுவிலும் சேர்த்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
களைத்துப்போன மாமா,
கண்ணையன்

பின்குறிப்பு (ஞாயிறு சாயங்காலம்): கடிதத்தைத் தபாலில் போட மறந்து, சட்டைப்பையில் வைத்தபடியே ஒத்திகைக்குப் போய்விட்டேன். எழுந்து நின்று, "இன்னையோட நான் போறேன், இனிமே வரமாட்டேன்" என்றேன். தொண்டை கட்டியிருந்ததால் குரல் கொஞ்சம் கம்மியது. எண்பத்து நாலு பேரும் அதே கம்மலோடு "இன்னையோட நான் போறேன், இனிமே வரமாட்டேன்" என்று பாடினார்கள். மாப்பிள்ளை, நாலு வருஷத்தில் முதல் தடவையாக அத்தனை பேரும் ஒரே சுருதியில் நின்றார்கள். சங்கு ஊதியது, ஒருத்தரும் அசையவில்லை. குஞ்சம்மாள்கூடக் குலவை போடாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. நம்ப முடியாமல் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன், இன்னும் நன்றாக வந்தது. நீங்கள் லீவு போட வேண்டாம். புதன்கிழமை இரண்டாவது வரி சொல்லிக்கொடுக்கிறேன்.