எழுபத்தைந்தாவது கால் மணி நேரம்

இல்லாத சரக்கை விற்பதற்கென்றே பிறந்த மனிதர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவரும் ஓசூரில் எங்கள் கம்பெனியில்தான் இருந்தார். சரக்கு, நாம் செலவு செய்யாத கரண்ட். அவர் பெயர் தொண்ணூத்தாறு. சம்பளப் பட்டியலில் வேறு ஏதோ இருந்தது. டைம் ஆபீஸ் கிளார்க்கான எனக்கே அது மறந்துவிட்டது.

மின்சாரச் சந்தையில் ஒரு நாளை ‘பிளாக்’ என்கிற கால் மணி நேரத் துண்டுகளாக வெட்டி, தொண்ணூற்றாறு துண்டுக்கும் முதல் நாளே ஏலம் விடுவார்கள். எங்கள் எலக்ட்ரிகல் சூப்பர்வைசரான இவர் அந்த ஏலத்தைப் பார்த்துப் பார்த்தே மணி சொல்வதை விட்டுவிட்டார். “நாப்பத்திமூணுல டீ, அம்பத்திமூணுல சாப்பாடு” என்பார். மகள் கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்தத்தை ‘பிளாக் 25 முதல் 30 வரை’ என்று அச்சடித்துக்கொண்டு வந்தார். அவர் மனைவி மொத்தக் கட்டையும் அச்சகத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கு மட்டும் பிளாக் போட்ட அந்தப் பழைய பத்திரிகையே வந்தது. நான் காலை ஆறு மணிக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தேன்.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பிடிவாதம்.

“சாயங்காலம் ஊரே லைட்டு போடறப்ப கரண்டு பத்தலீங்க. ஒண்ணு, எவனாவது கூடுதலா உற்பத்தி பண்ணணும். இல்லன்னா, எடுக்கறவன் கொஞ்ச நேரம் கைய எடுக்கணும். ரெண்டும் ஒண்ணுதானே? அப்ப அவன் விக்கற சந்தையில நாம ஏன் விக்கக் கூடாது?”

இதை மூன்று வருடம் சொன்னார். முதலாளியிடம், செக்யூரிட்டியிடம், ரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸிடம். கடைசியில் பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. ஒரு பட்டறை குறைக்கிற கரண்ட் சந்தையில் யார் கண்ணுக்கும் தெரியாது. அதனால் பக்கத்திலிருக்கும் பத்துப் பட்டறைகளை ஒன்றாகக் கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோகிறோம் என்றார்கள். முதலில் சோதனை. சொன்ன கால் மணியில் சொன்ன அளவு லோடு, அதாவது நாம் இழுக்கிற கரண்ட், இறங்க வேண்டும். இரண்டு வாய்ப்பு.

முதல் சோதனை, எழுபத்தைந்தாவது பிளாக். அதாவது சாயங்காலம் ஆறரை. பத்துப் பட்டறையிலும் மிஷின் நின்றது. மீட்டர் மளமளவென்று இறங்கியது. தொண்ணூத்தாறு கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துவிட்டுப் பார்த்தால் மீட்டர் ஏறிக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் மிஷின் நின்றால் டீ என்று அர்த்தம். அது யாரும் எழுதாத சட்டம். பத்துப் பட்டறை ஆட்களும் எங்கள் கேண்டீனில் குவிந்துவிட்டார்கள். கேண்டீன் நடத்தும் பாகலூர் ரத்னம்மா நான்கு எலக்ட்ரிக் பாய்லரையும் போட்டு, தோசைக் கல்லையும் போட்டு, மாவு பத்தாது என்று கிரைண்டரையும் தட்டிவிட்டிருந்தார். மிஷினில் மிச்சம் பிடித்ததை டீயும் தோசையும் தின்றுவிட்டன.

“ஏம்மா, இப்படிப் பண்ணிட்டியே!” என்றார் தொண்ணூத்தாறு.

“அய்யோ தேவுடா! இத்தன பேரு வந்து நின்னா நான் என்னா சார் பண்றது, பாட்டா பாடறது?”

முதலாளி போதும் என்றார். இவர் விடவில்லை. “இன்னொரு தரம் குடுங்க சார். அதுவும் போச்சுன்னா நான் வேலைய விட்டுட்டு நாகரசம்பட்டிக்குப் போயி அண்ணன் மாந்தோப்பப் பாத்துக்கறேன்.”

“எழுதிக் குடுங்க” என்றார் முதலாளி.

குடுத்தார். அந்த ராஜினாமாக் கடிதத்தை டைப் அடித்தது நான்தான். தப்புத் தப்பாக அடித்து மூன்று தாள் வீணானது.

ஒரு வாரம் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினார். தமிழில் கெஞ்சினார், தெலுங்கில் கொஞ்சினார், கன்னடத்தில் திட்டினார். சோதனை நாளில் எழுபத்து மூன்றாவது பிளாக்கிலேயே ரத்னம்மா டீயைப் போட்டு பிளாஸ்க்கில் அடைத்துவிட்டார். ஆறரைக்கு மிஷின் நின்றது. பிளாஸ்க்குகள் பட்டறைகளுக்கே போயின. தொண்ணூத்தாறு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கேண்டீன் வாசலை அடைத்து நின்றார். பக்கத்தில் போனில் மீட்டரைப் பார்த்தபடி நான். லோடு இறங்கியது, இறங்கிய இடத்திலேயே நின்றது.

அப்போது பெங்களூர் ஆட்களை அழைத்துக்கொண்டு முதலாளியே வந்துவிட்டார். “ரத்னம்மா, சூடா நாலு டீ.”

“பிளாஸ்க்குல இருக்குதுங்க” என்றார் தொண்ணூத்தாறு.

“ஆறிப் போயிருக்கும். பாய்லரப் போடச் சொல்லுய்யா.”

“எழுபத்தாறுல போடலாமுங்க.”

“நான் யாருன்னு தெரியுதா?”

“தெரியுதுங்க. ஆனா இப்ப நீங்களும் ஒரு லோடுதானுங்க.”

பெங்களூர்க்காரர்கள்தான் முதலில் சிரித்தார்கள். முதலாளி முறைத்தார், மீட்டரைப் பார்த்தார், ஆறின டீயை வாங்கிக் குடித்தார். பிறகு என்னைப் பார்த்து, “அந்த லெட்டரக் கிழிச்சுப் போடுங்க” என்றார்.

“இன்னும் மூணு நிமிஷம் இருக்குதுங்க. முடியட்டும்” என்றார் தொண்ணூத்தாறு, விரித்த கையை இறக்காமல்.

மூன்று நிமிடம் கழித்துத்தான் கிழித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தக் காகிதத்தையும் கிழித்ததில்லை.

இப்போது அவர் அந்தப் பெங்களூர் கம்பெனிக்காகக் கிருஷ்ணகிரி வரைக்கும் பட்டறை பட்டறையாக அலைகிறார். என் வீட்டு மீட்டருக்கும் அந்தச் சந்தைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இருந்தாலும் சாயங்காலம் ஆறரை ஆனால் தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிடுகிறேன். “டேங்க் இன்னும் ரொம்பலியே, எதுக்கு நிறுத்தறீங்க?” என்று மனைவி கேட்கிறாள்.

அந்த மனுஷன் விற்பதற்கு என் பங்குக்கும் கொஞ்சம் இருக்கட்டுமே.