முப்பத்தைந்து பாயிண்ட் காற்று

நான் கெட்டிக்காரன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கதை முடியும்போது உங்களுக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாது பாருங்கள்.

பகலில் தபால் ஆபீஸில் பார்சலுக்கு எடை போட்டு முத்திரை குத்துகிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிவிட்டால் நான் இன்ஜினியர். பட்டம் யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். தெரிந்தவர்கள் வீட்டில் எந்த மெஷின் உயிரை விட்டாலும் சரி செய்கிறேன் என்று தூக்கி வந்துவிடுவேன். எங்கள் வீட்டுப் பின் அறையில் இறக்கை இல்லாத டேபிள் ஃபேன் ஒன்று இருக்கிறது. இறக்கை மட்டும் உள்ள டேபிள் ஃபேன் இன்னொன்று. இரண்டையும் சேர்த்தால் ஒரு ஃபேன். சேர்க்க வேண்டியதுதான் பாக்கி, ஆறு வருஷமாக. அது தவிர, சங்கிலி இல்லாத உடற்பயிற்சி சைக்கிள், புல் வெட்டும் மெஷின், வாஷிங் மெஷினின் வயிறு, பேப்பரைக் கண்டாலே கடித்துத் துப்பும் பிரிண்டர் ஒன்று. எல்லாம் என் கை படுவதற்காகக் காத்திருந்தன.

அந்த அறையின் மேல் என் மனைவிக்கு ரொம்ப நாளாகக் கண். அவள் தையல் சொல்லிக் கொடுக்கிறாள். ஆறு பெண்கள், மூன்று தையல் மெஷின். இடம் இல்லாமல் ஹாலில் ஆரம்பித்த வகுப்பு எங்கள் படுக்கையறை வரைக்கும் வந்துவிட்டது. ஒரு நாள் நான் கட்டிலில் உட்கார்ந்த வேகத்தில் எழுந்தேன். அந்தக் குண்டூசியைப் பற்றி மேலும் சொல்ல விரும்பவில்லை.

"பின் ரூமை எப்பங்க காலி பண்ணப் போறீங்க?" என்பாள் வாரம் தவறாமல்.

"இப்பவே பண்ணிடலாம். ஆனா டிரெய்லர் டயர்ல காத்து இல்லையே!" என்பேன்.

காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற இரண்டு சக்கர டிரெய்லர் எங்களிடம் இருக்கிறது. பின் அறைச் சாமான்களைப் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோக வேண்டுமானால் அதில்தான் ஏற்ற வேண்டும். அதன் இரண்டு டயரும் வீட்டுக்குப் பக்கவாட்டில் தரையோடு தரையாகப் படுத்து இரண்டு வருஷம் ஆகிறது. காற்று இல்லை, அதனால் வண்டி இல்லை, அதனால் காலி பண்ண வழி இல்லை. இந்த ஒரு பதிலை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் அறையைக் காப்பாற்றினேன். சொன்னேனே, கெட்டிக்காரன்.

பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். விசேஷங்களுக்கு நாற்காலி, மேஜை வாடகைக்கு விடுகிறவர் அவர். நாங்கள் அவரை நாற்காலிக்காரர் என்றுதான் சொல்வோம். அவரிடமே மூன்று டிரெய்லர் உண்டு, அவரிடம் இல்லாத சாமானும் கிடையாது. கேட்டால் உடனே எதையாவது கொடுத்துவிடுவார். அதனால்தான் கேட்கவில்லை.

போன சனிக்கிழமை காலையில் சாப்பிட உட்கார்ந்தேன். தட்டுக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப் பெட்டி இருந்தது.

"என்னது இது?"

"பிரிச்சுப் பாருங்க" என்றாள் மனைவி.

பிரித்தேன். உள்ளே ஒரு ஏர் கம்ப்ரஸர்! கையில் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி, பிடி வைத்தது. காற்றின் அளவு காட்டும் வட்ட முள், சுருட்டி வைத்த ரப்பர் குழாய், இரண்டு விதமான ஒயர். பிடியில் சிவப்புப் பெயிண்டில் ஒரு பொட்டு. தரம் பார்த்துவிட்டுக் கம்பெனிக்காரன் வைத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாணம் ஆகிப் பதினாறு வருஷம். என் பிறந்த நாளுக்குச் சட்டை எடுத்திருக்கிறாள், குடை எடுத்திருக்கிறாள், ஒரு தடவை என்னைக் கேட்காமலே பல் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறாள். மெஷின் தந்தது இதுதான் முதல் தடவை. அதுவும் ஓடுகிற மெஷின்! கட்டிய மனைவியே என்னை இன்ஜினியராக ஒப்புக்கொண்டுவிட்டாள். என் கண் கலங்கியது. கூடவே புத்தியும் கலங்கியிருக்க வேண்டும்.

"இதை உங்களால ஓட்ட முடியுமாங்க?" என்றாள். "பார்த்தாலே பயமா இருக்கு. கஷ்டம்னா சொல்லுங்க, எடுத்து வெச்சிடறேன்."

"கஷ்டமா? எனக்கா?"

இலையைக்கூட... தட்டைக்கூடக் கழுவாமல் எழுந்துவிட்டேன். பெருமையில் எதை எங்கே வைத்துச் சாப்பிட்டேன் என்பதே மறந்துவிட்டது.

டிரெய்லருக்குப் பக்கத்தில் காரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். பின் அறையிலிருந்து ஜாக்கியை எடுத்து டிரெய்லரின் ஒரு பக்கத்தைத் தூக்கி நிறுத்தினேன். "பார்த்தியா, அந்த ரூம்ல இருந்துதான் வந்துச்சு" என்று மனைவியிடம் ஜாக்கியைக் காட்டினேன். அவள் மரியாதையாகத் தலையாட்டினாள்.

அதற்குள் நாற்காலிக்காரர் மதில் ஓரமாக வந்து நின்றுவிட்டார்.

"சார், மெதுவா. அதைத் தரையில வைக்காதீங்க. மண்ணு உள்ள போயிடும்."

பொறாமை. பக்கத்து வீட்டில் புது மெஷின் வந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? கம்ப்ரஸரை இன்னும் கொஞ்சம் நன்றாகத் தெரிகிற மாதிரி மண்ணிலேயே வைத்தேன். அவர் முகம் சுருங்கியதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

காருக்குள்ளே போன் சார்ஜ் போடுகிற துளை ஒன்று இருக்குமே, அதில் ஒரு ஒயரைச் சொருகினேன். குழாயை டயரில் மாட்டினேன். சுவிட்சைத் தட்டினேன். கம்ப்ரஸர் ஒரு தடவை உறுமியது. அவ்வளவுதான். நின்றுவிட்டது.

"செத்துடுச்சா?" என்று அலறினார் நாற்காலிக்காரர். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"பதறாதீங்க சார். என் மெஷின், நான் பார்த்துக்கறேன்."

"இல்ல சார், அந்த ஓட்டை இவ்வளவு கரண்ட்டைத் தாங்காது. ஃபியூஸ் போயிருக்கும். இதுக்கு நேரா..."

"எனக்குத் தெரியும் சார்."

எனக்குத் தெரியாது. ஆனால் மனைவி பார்த்துக்கொண்டிருக்கும்போது நாற்காலி வாடகைக்கு விடுகிறவரிடம் பாடம் கேட்க முடியுமா? காரில் கரண்ட் போதவில்லை என்றால் வீட்டில் இல்லையா? பிரிண்டரின் அடாப்டரை எடுத்து வந்தேன். இருபது அடி ஒயரை ஜன்னல் வழியாக இழுத்தேன். ஒன்றை வெட்டி, இன்னொன்றை முறுக்கி, டேப் சுற்றினேன்.

"சார், வேண்டாம் சார்!" நாற்காலிக்காரர் ஒரு காலை மதிலுக்கு இந்தப் பக்கம் போட்டுவிட்டார்.

சுவிட்சைத் தட்டினேன். கம்ப்ரஸர் முனகியது. அடாப்டர் சூடானது, பிறகு ஒரு வாசனை வந்தது, பிறகு அதுவும் நின்றது. பேப்பர் தின்ற பிரிண்டர் அன்றோடு பட்டினி.

மனைவி பக்கத்தில் வந்து முகத்தைத் துடைக்கத் துண்டு கொடுத்தாள். "போதும்ங்க. விட்டுடுங்க. எல்லாராலயும் எல்லாம் முடியுமா? நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்."

இந்தப் 'பாவம்' இருக்கிறதே, அது என் மீசையைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது.

"இன்னைக்கு இந்த ரெண்டு டயர்லயும் காத்து ஏத்தல, நான் என் பேரை மாத்திக்கறேன்!"

"சரிங்க. ஒண்ணு மட்டும் கேட்கட்டுமா? அந்த இன்னொரு ஒயர்ல ரெண்டு கிளிப் இருக்கே, சிவப்பும் கறுப்புமா. அது எதுக்குங்க?"

பார்த்தேன். துணி காயப்போடுகிற கிளிப்பைவிடப் பெரியதாக, பல் வைத்த இரண்டு கிளிப்.

"அதைத்தான் எடுக்க வந்தேன். நேரா பேட்டரியில மாட்டணும்."

"ஓஹோ. அப்ப வண்டி ஸ்டார்ட்லயே இருக்கணுமா? இல்லேன்னா பேட்டரி இறங்கிடாது?"

"அதுக்குத்தான் சாவியை எடுத்தேன்."

"எனக்கு இதெல்லாம் எங்க தெரியுது!" என்றாள்.

மதிலுக்கு மேலே நாற்காலிக்காரர் நீளமாக மூச்சு விட்டார்.

கார் பானெட்டைத் திறந்தேன். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. இன்ஜினை ஓடவிட்டுச் சுவிட்சைத் தட்டினேன். டடடடடவென்று தெருவே அதிர்ந்தது. முள் எழுந்தது. ஐந்து. பத்து. இரண்டு வருஷமாகப் படுத்திருந்த டயர் சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்தது. எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. சைக்கிளில் போனவர் ஒரு காலை ஊன்றி நின்று பார்த்தார். டயரின் பக்கவாட்டில் எழுதியிருந்த எண்ணை மனைவி குனிந்து படித்துச் சொன்னாள். முப்பத்தைந்து. முள் முப்பத்தைந்தைத் தொட்டதும் கம்ப்ரஸரை நிறுத்தி, எதிர் வீட்டு ஜன்னலைப் பார்த்து லேசாகத் தலையசைத்தேன்.

அடுத்த டயர் அந்தப் பக்கம் இருந்தது. குழாய் எட்டவில்லை. காரைச் சுற்றிக் கொண்டுபோக இடமும் இல்லை. நான் யோசித்தேன். யோசிக்கிற மாதிரி நின்றேன்.

"டிரெய்லரைத் திருப்பிட்டா?" என்றாள் மனைவி. "ஒரு சக்கரம்தான் இப்ப உருளுதே."

"வாயைத் திறந்தேன், நீ சொல்லிட்ட."

ஜாக்கியை எடுத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திருப்பினோம். நாற்காலிக்காரரும் மதிலைத் தாண்டி வந்து கை கொடுத்தார். திருப்பியதும் என்னை விட்டுவிட்டு நேராகக் கம்ப்ரஸரிடம் போய் அதைத் தூக்கி மண்ணைத் துடைத்து, ஒரு பலகை மேல் வைத்தார். பொறாமை போய் பக்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். அந்தப் பக்கத்தையும் ஜாக்கியில் தூக்கினேன், பத்து நிமிஷத்தில் இரண்டாவது டயரும் முப்பத்தைந்து. ஜாக்கியை இறக்கினேன். டிரெய்லர் இரண்டு சக்கரத்தில் நிமிர்ந்து நின்றது. நானும்தான். என் வாழ்நாளில் அப்படி ஒரு காலை வந்ததில்லை.

மனைவி டிரெய்லரைச் சுற்றி வந்தாள். ஒரு டயரைக் காலால் தட்டினாள்.

"காத்து நிக்குது. ஆனா சுமை தாங்குமா?"

"என்ன கேள்வி இது? யார் அடிச்ச காத்து!"

"இல்லங்க, வெறும் வண்டியா நிக்கிறது பெரிய விஷயமா? சும்மா சொல்லாதீங்க."

சும்மாவா? பின் அறைக்கு ஓடினேன். கைக்கு அகப்பட்ட உடற்பயிற்சி சைக்கிளைத் தூக்கி வந்து ஏற்றினேன். டயர் அசையவில்லை. "இது லேசு" என்றாள். புல் வெட்டும் மெஷினை ஏற்றினேன். "ரெண்டு சாமான்தானே?" என்றாள். வாஷிங் மெஷினின் வயிறு வந்தது. இரண்டு ஃபேனும் வந்தன. பிரிண்டர் வந்தது. நாற்காலிக்காரர் ஒரு பக்கம் பிடித்தார். சட்டை நனைந்தது. ஒவ்வொரு சாமானுக்கும் குனிந்து டயரைப் பார்த்து, "ம்! தாங்குதா?" என்று கேட்டேன். கடைசியில் பின் அறையில் ஏற்றுவதற்கு எதுவும் இல்லை. ஜாக்கி ஒன்றுதான் வெளியே கிடந்தது.

"அதை விட்டுடுங்க" என்றாள் மனைவி. "என்னைக்காவது பஞ்சர் ஆனா வேணும்."

எவ்வளவு முன்யோசனை!

"இப்ப என்ன சொல்ற?"

"தாங்குது. ஆனா ஓடுமா?"

டிரெய்லரைக் காரில் மாட்டினேன். மனைவி கயிற்றால் சாமான்களைக் கட்டினாள். முடிச்சு தையல்காரியின் முடிச்சு, ஆடவில்லை. முன் சீட்டில் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். நாற்காலிக்காரர் கேட்டைத் திறந்துவிட்டார்.

"நேரா போங்க" என்றாள். போனேன். டிரெய்லர் துளி ஆட்டம் இல்லாமல் பின்னால் வந்தது. "மேடு பள்ளத்துல எப்படி இருக்கும்? லெஃப்ட்ல திரும்புங்க." திரும்பினேன். "வேகமா போனா?" போனேன். "ரைட்ல." கண்ணாடியில் டயரைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். முப்பத்தைந்து பாயிண்ட் என்றால் முப்பத்தைந்து பாயிண்ட். "நிறுத்தினா நிக்குமான்னு பார்க்கணுமே. இங்க நிறுத்துங்க."

நிறுத்தினேன். எதிரே பெரிய இரும்புக் கேட், திறந்திருந்தது. உள்ளே மலை மாதிரி பழைய இரும்பு. கையுறை போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"வாங்கக்கா! பதினோரு மணின்னீங்க. பதினொண்ணுக்கே வந்துட்டீங்களே!"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கயிற்றை அவிழ்க்க இறங்கிவிட்டாள்.

தகராறு செய்திருக்கலாம். ஆனால் கடைக்காரர் அத்தனையையும் தராசில் ஏற்றி, "நூத்தி எண்பது கிலோ" என்றார். பார்சல் எடை போடுகிறவன் நான், எடையின் அருமை தெரிந்தவன். நூற்று எண்பது கிலோ! என் காற்றில் வந்திருக்கிறது! மனசு ஒரு பக்கம் வெடித்தது, இன்னொரு பக்கம் பூரித்தது. ஃபேன் இரண்டும் போகும்போதுதான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். கடைசி வரைக்கும் சேராமலே போய்விட்டன.

திரும்பும் வழியில் மனைவி மெதுவாகச் சொன்னாள். "திங்கக்கிழமை அந்த ரூம்ல கிளாஸ் ஆரம்பிச்சுடறேங்க. நீங்க இல்லேன்னா நடந்திருக்குமா?"

நடந்திருக்காது. அதில் சந்தேகமே இல்லை. அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால் கோபம் வர மறுத்தது. இப்படி ஒரு மூளைக்காரியைக் கட்டிக்கொள்ளவும் ஒரு கெட்டிக்காரத்தனம் வேண்டும் அல்லவா? போனதெல்லாம் போகட்டும். ஓடாத ஆறு மெஷினுக்குப் பதிலாக ஓடுகிற மெஷின் ஒன்று எனக்கு வீட்டில் காத்திருக்கிறது.

வீட்டு வாசலில் நாற்காலிக்காரர் நின்றிருந்தார். கம்ப்ரஸர் பெட்டிக்குள் போயிருந்தது. பெட்டி அவர் அக்குளில் இருந்தது.

"மண்ணெல்லாம் துடைச்சுட்டேன் சார். நல்ல வேளை, மோட்டாருக்கு ஒண்ணும் ஆகல."

"அது என்னோட..." என்று ஆரம்பித்தேன். பெட்டியின் மூடி விலகியிருந்தது. கம்ப்ரஸரின் பிடியில் அந்தச் சிவப்புப் பொட்டு. அவருடைய வாசலில் அடுக்கி வைத்த இருநூறு நாற்காலியின் முதுகிலும் அதே சிவப்புப் பொட்டு. பத்து வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மனைவியைத் திரும்பிப் பார்த்தேன்.

"பிரிச்சுப் பாருங்கன்னுதாங்க சொன்னேன்" என்றாள். "உங்களுக்குன்னு சொன்னேனா?"

நாற்காலிக்காரர் என் தோளில் கை வைத்தார். இத்தனை வருஷத்தில் இவ்வளவு மரியாதையாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வந்துடுங்க சார். மூணு டிரெய்லர், ஆறு டயர். 'கம்ப்ரஸரை ஒரு நாள் இரவல் குடுங்க, பதிலுக்கு எங்க வீட்டுக்காரரை ஒரு நாள் இரவல் தரேன்'னு உங்க வீட்டம்மா வியாழக்கிழமையே பேசி முடிச்சுட்டாங்க!"