கசகசாக் கைதியின் உடல்நிலை

அன்புமிகு மைத்துனர் தியாகு அவர்களுக்கு, ரெங்கராஜ் எழுதியது. தாங்களும் குடும்பத்தாரும் சுகமாயிருக்க இறைவன் அருள்க. நானும் இங்கே சுகமே. அந்தச் சுகம்தான் இப்போது தொல்லை. வரிசை தவறினால் எனக்கே குழம்பிவிடும் என்பதால் முதலில் தலைப்புகளைத் தருகிறேன்.

1. நான் சிறைக்கு வந்த விதம்.
2. சிறையில் என் உடம்பு தேறிவிட்ட துயரம்.
3. தாங்கள் உடனே செய்யவேண்டிய உதவி.
4. விடுதலைக்கு இராஜரத்தினத்தைவிட நானே தகுதியானவன் என்பது.

முதலாவது தங்களுக்குத் தெரிந்ததே. "ரோஹித்துக்குக் குருமான்னா உசுரு அத்தான், கசகசா இல்லாம எப்படி?" என்று தாங்கள் அன்போடு என் பெட்டியில் திணித்த பொட்டலத்துக்கு இந்த நாட்டில் போதைப்பொருள் என்று பெயர். விமான நிலைய அதிகாரி விசாரித்தபோது "மைத்துனர் கொடுத்தது" என்றேன். கடத்தல்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்களாம். மகன் ரோஹித் வீட்டு வாசலைக்கூட மிதிக்காமல் நேரே இங்கே வந்துவிட்டேன். எந்த ஊர்ச் சிறை என்று எழுதப் பயமாயிருக்கிறது; மன்னிக்கவும்.

இரண்டாவது. எழுபது கடந்த கைதி நோயாளியாகவும் இருந்தால் ஊருக்கு அனுப்பலாமா என்று பார்க்க ஒரு டாக்டர் வருவார் என்றார்கள். எனக்குத்தான் சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டும் உண்டே என்று தெம்பாக இருந்தேன். ஆனால் இங்கே அவித்த பருப்பும் காய்ந்த குப்பூஸ் ரொட்டியும்தான், நொறுக்குத்தீனி கிடையாது, விளக்கு அணைந்தால் தூங்கியே ஆகவேண்டும், ஆகவே திருச்சி டாக்டர்கள் தலைகீழாக நின்றும் இறங்காத சர்க்கரை தானாக இறங்கிவிட்டது. மருந்தால் அல்ல. மருந்து இங்கே ஒன்றே, பனடோல் என்னும் காய்ச்சல் மாத்திரை. முழங்கால் வலிக்கும் அது, கண்புரைக்கும் அது, பல்செட்டைத் தொலைத்தவருக்கும் அதுவே. அறையில் கார்மேகம் என்று ஒரு பரமக்குடி லாரி டிரைவர். "ஐயா, இப்படியே தேறிக்கிட்டுப் போனா நூறு வயசு வரைக்கும் உள்ளதான். பேரீச்சம்பழத்த அள்ளிப் போடுங்க, சக்கர தன்னால எகிறும்" என்று தன் பங்கையும் கொடுத்தார். பழைய சர்க்கரைப் பயத்தில் பாதிப் பழம்தான் தின்றேன். முனகவும் கற்றுக்கொடுத்தார். ஆனால் டாக்டர் வந்து எப்படி இருக்கிறீர்கள் என்றதும், பழக்கதோஷம், "தங்கள் தயவில் நலம்" என்றுவிட்டேன். அவர் விரலில் குத்திப் பார்த்துவிட்டு "பாபா, குல்லு தமாம்!" என்று முதுகில் தட்டினார். எல்லாம் சரியாம். வேறெந்த நல்ல செய்திக்கும் நான் இப்படி அழுததில்லை.

மூன்றாவது. டாக்டர் அடுத்த வாரம் மறுபடி வருகிறார், ஒருவரைத்தான் பரிந்துரைப்பாராம். என் அலமாரியிலுள்ள நீலநிற மருத்துவக் கோப்பை உடனே ரோஹித்துக்கு அனுப்பவும். பழைய நோயாவது என்னைக் காப்பாற்றட்டும்.

நான்காவது. இங்கே இன்னொரு கிழவர் யாழ்ப்பாணத்து இராஜரத்தினம். புஜைரா என்ற ஊரில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் பல காலம் காவலாளி. முதலாளி கம்பெனியை மூடிவிட்டு மறைய, விசா முடிந்து உள்ளே வந்தவர். என்னைவிட மூத்தவர், ஆனால் கருங்கல். "நீங்கள் கீழ படுங்கோ மாஸ்டர், எனக்கு ஏணி ஏறுறது ஒரு எக்சர்சைஸ்" என்று மேல்கட்டிலுக்குச் சிரித்துக்கொண்டே ஏறுவார். டாக்டரிடமும் "எனக்கு ஒண்டுமில்லை" என்றார். எனவே நான் போவதே நியாயம்.

தங்கள் அக்காளிடம் சிறை என்று சொல்லிவிடாதீர்கள். ஏசி அறையில் பத்தியமாக இருக்கிறார் என்று சொல்லுங்கள், பொய்யில்லை. குழந்தைகளுக்கு என் ஆசிகள். குருமா வைக்கும் நாளில் என்னை நினைத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
ரெங்கராஜ்

பி.கு.: உறையை ஒட்டுமுன் இது. சற்றுமுன் இராஜரத்தினம் ஏணியில் பாதியிலேயே நின்றுவிட்டார். உதடெல்லாம் நீலம். கார்மேகமும் நானும் இறக்கி என் கட்டிலில் கிடத்திச் சட்டையைத் தளர்த்தினால், நெஞ்சின் நடுவே நீளமாக அறுவைத் தழும்பு. டாக்டரிடம் ஏன் ஐயா மறைத்தீர்கள் என்றேன். "மறைக்கேல்ல மாஸ்டர். நெஞ்சு வருத்தம் எண்டு தெரிஞ்சா வேலை போயிடுமெண்டு, வருஷா வருஷம் 'ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை' எண்டு பழகின வாய். வேற ஒண்டும் வருகுதில்லை" என்றார். காவலர் பனடோல் கொண்டுவந்தார். நான் கத்தினேன், எனக்கே ஆச்சரியம். அதன்பிறகுதான் ஸ்ட்ரெச்சர் வந்தது.

நீலக் கோப்பை அனுப்பவேண்டாம். அவருடைய ஆபரேஷன் காகிதங்கள் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் மகள் தர்மிகாவிடம் இருக்கின்றனவாம். அவள் எண் பின்பக்கத்தில். அவற்றை வாங்கி அடுத்த வாரத்துக்குள் ரோஹித்திடம் சேர்க்கவும். நான்காவதாக எழுதியது தவறு. ஒரு கணக்கு வாத்தியார் எழுதியது என்று யாரிடமும் காட்டாதீர்கள்.