ஆறு கிலோக் குழந்தை

"சார், ஆபீசர் ஜீப்பு தெருமுனைக்கு வந்துடுச்சு!" என்று வாட்ச்மேன் ஓடிவந்து சொன்னபோது, அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் முதல் மாடியில் ஒரு வெறும் கொக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதில் தீயணைப்பு சிலிண்டர் தொங்கவேண்டும். ஐந்து மாடிக்கும் ஐந்து கொக்கிகள் பத்திரமாக இருந்தன. சிலிண்டர்கள்தான் வேறு வேலைக்குப் போயிருந்தன. ஒன்றை யாரோ பிறந்தநாள் விழாவில் பனி பொழிவதற்காக அடித்துத் தீர்த்திருந்தார்கள். ஒன்று கைப்பிடி உடைந்து, ஒரு வீட்டுக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. ஒன்று மொட்டை மாடி கிரிக்கெட்டில் ஸ்டம்பாக நின்று வீரமரணம் அடைந்தது. நான்காம் மாடி சிலிண்டரைப் பற்றிக் கேட்டால் அந்த மாடிக்காரர்கள் எல்லாரும் செருமினார்கள். ஐந்தாவதைச் செயலாளரின் மனைவியே தங்க வர்ணம் அடித்துப் பூச்சாடி ஆக்கியிருந்தாள்.

இன்றைய தீப் பாதுகாப்பு ஆய்வில் தேறாவிட்டால், குறைகளைச் சரிசெய்யும்வரை அறுபது குடும்பங்களும் காலி செய்யவேண்டும். மற்ற ஐம்பத்தொன்பது குடும்பங்கள் எங்கே போகும் என்று செயலாளருக்குத் தெரியாது. தன் குடும்பம் எங்கே போகும் என்று தெரிந்திருந்ததுதான் அவர் துயரம்.

மச்சினன் வீட்டுக்கு.

போன முறை அங்கே இரண்டு நாள் தங்கியபோது, பல் தேய்ப்பது எப்படி என்று மச்சினன் அவருக்கு அரை மணி நேரம் விளக்கியிருந்தான். அவனும் தன் கட்டடத்துக்குச் செயலாளர். நேற்றுத்தான் அவன் கட்டடம் இதே ஆய்வில் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தது.

"என்னங்க, தம்பி மாடி ரூமைக் கூட்டிப் பெருக்கி வெச்சுட்டானாம். பெட்டி கட்டிடவா?" என்று மேலேயிருந்து மனைவியின் குரல் ஆசையாக வந்தது.

"கட்டாதே!" என்று கத்தினார் செயலாளர். வாட்ச்மேனின் தோளைப் பிடித்து உலுக்கினார். "எங்கேர்ந்தாவது ஒரே ஒரு சிலிண்டர் கொண்டா!"

ஐந்தாவது நிமிடம் வாட்ச்மேன் ஒன்றோடு வந்தான். வயிற்றில் ஒரு நசுங்கலைத் தவிரக் குறையில்லாத சிலிண்டர்.

"யாருதுடா?"

"அதெல்லாம் இப்பக் கேக்காதீங்க சார். வேலை முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடணும்."

அதிகாரி லிஃப்டில் ஏறமாட்டார். பாதுகாப்பு ஆய்வுக்கு வந்தவர் படியில்தான் ஏறவேண்டும் என்பது அவர் கொள்கை. அதனால் திட்டம் எளிது. அவர் படியில் ஏறுவார், சிலிண்டர் லிஃப்டில் ஏறும்.

முதல் மாடியில் அதிகாரி சிலிண்டரைத் தட்டிப் பார்த்தார். தலையாட்டினார். பிறகு பையிலிருந்து 'சரிபார்க்கப்பட்டது' என்ற சீட்டை எடுத்து அதன்மேல் பச்சென்று ஒட்டினார்.

திட்டத்தில் சீட்டு இல்லை.

இரண்டாம் மாடிக்கு அவர் வருவதற்குள் வாட்ச்மேன் நகத்தால் சுரண்டியதில் முக்கால்வாசி வந்திருந்தது.

"என்னய்யா இது, வெள்ளையா ஒட்டிக்கிட்டிருக்கு?"

"விலைச் சீட்டு சார். புதுசாச்சே" என்றார் செயலாளர்.

"புதுசா? நசுங்கியிருக்கே. கீழேயும் இதே எடத்துலதானே நசுங்கியிருந்துது?"

"எல்லாம் ஒரே லாரியில வந்தது சார்."

"நேத்துப் பார்த்த கட்டடத்துலயும் இதே எடம்தான்" என்றார் அதிகாரி கவலையோடு. "அந்த லாரிக்காரனைப் புடிச்சுக் கேக்கணும்."

மூன்றாம் மாடி எப்படியோ கடந்தது. நான்காம் மாடியில் யாரோ லிஃப்ட் கதவுக்குச் செருப்பைக் கொடுத்து நிறுத்திவிட்டு, சோபாவை இறக்கலாமா வேண்டாமா என்று கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சிலிண்டர் கீழே மாட்டிக்கொண்டது.

செயலாளர் நேரம் கடத்தப் பார்த்தார். "சார், படியோட அகலத்தை அளந்துடலாமே?"

"நல்ல யோசனை" என்று அதிகாரி டேப்பை எடுத்து, சுவருக்குச் சுவர் பிடித்துப் படியில் குந்திக்கொண்டார். இப்போது படியும் அடைபட்டது.

அப்போது கொடியில் காய்ந்த ஒரு படுக்கைவிரிப்பில் எதையோ சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, வாட்ச்மேன் மூச்சிரைக்க ஏறிவந்தான்.

"வழி விடுங்க சார், குழந்தை!"

அதிகாரி பதறி ஒதுங்கினார். "யார் குழந்தை?"

"என்... என்னோடது சார்" என்றார் செயலாளர்.

அதிகாரி அவருடைய நரைத்த தலையை ஒரு நொடி பார்த்தார். "நல்லது, நல்லது. எத்தனை மாசம்?"

"ஆறு கிலோ சார்" என்றான் வாட்ச்மேன்.

"அசையவே இல்லையே?"

"ரொம்பச் சாது சார். பின்னைப் புடுங்கினாத்தான் சத்தம் போடும்."

ஐந்தாம் மாடியில் கடைசிச் சீட்டையும் ஒட்டிவிட்டு, அதிகாரி செயலாளரின் வீட்டு வாசலில் நின்று கைகூப்பினார். "இந்த வயசுல பெரிய பாக்கியம்மா. குழந்தை ஆறு கிலோவாம், சாருக்கு ரொம்பப் பெருமை."

மனைவி அதிகாரியைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். உள்ளே போய்த் தொலைபேசியை எடுத்தாள். "தம்பி, உடனே கிளம்பி வா. உங்க மாமா லட்சணம் தெரிஞ்சுபோச்சு."

மச்சினன் வீட்டுக்குப் போகாமலிருக்க அவ்வளவு பாடுபட்ட மனிதர், மச்சினனையே வரவழைத்துவிட்டார்.

அதிகாரி கீழே வராந்தாவில் வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தபோது, வாசலில் மச்சினனின் ஸ்கூட்டர் சீறி நின்றது. ஜீப் டிரைவரிடம் பேசிக்கொண்டிருந்த வாட்ச்மேனின் கையில் இன்னும் அந்த மூட்டை இருந்தது.

"எங்க, மாமா, அந்தக் குழந்தை? இதானா?" என்று மச்சினன் துணியை விலக்கினான்.

உள்ளே சிவப்பாக, ஒரு புதுச் சீட்டும் நான்கு கிழிந்த சீட்டுகளுமாகச் சிலிண்டர் இருந்தது. மச்சினன் கொக்கிக் கணக்கைச் சட்டென்று போட்டுவிட்டான். அவன் முகம் மலர்ந்தது.

"ஒரே சிலிண்டரா? அஞ்சு மாடிக்குமா? அசிங்கமா இல்ல மாமா? எங்க பில்டிங்கை வந்து பாருங்க. ஒழுங்குன்னா என்னன்னு தெரியும். எனக்கு மனசு கேக்கல, நான் ஆபீசர்கிட்ட சொல்லத்தான் போறேன்."

அவன் வராந்தாவைப் பார்த்து வாயைத் திறந்தான். செயலாளர் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணுக்குள் மாடி ரூமும் பல் பிரஷ்ஷும் வந்தன.

ஜீப்பிலிருந்து டிரைவர் தலையை நீட்டினார்.

"அடடே, வாங்க சார்! மறுபடியும் நம்ம ஜீப்பு சிலிண்டர் வேணுமா? இன்னிக்காவது சீட்டையெல்லாம் உரிச்சுட்டுக் குடுங்க சார். நேத்து நீங்க அப்படியே குடுத்துட்டுப் போயி, ஆறு மாடிச் சீட்டையும் நான்தான் சுரண்டினேன்."