பொட்டு வைத்த விமானம்

பெட்டியின் மேல் குங்குமம் இருந்தது.

நாணு செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டார். ஆயுத பூஜைக்காக ஆபீஸில் அரை நாள் விட்டிருந்தார்கள். ஷ்யாமளா காலையிலேயே பூஜையை முடித்துவிட்டு, முலுண்டில் அக்கா வீட்டுக் கொலுவுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். போவதற்கு முன் வீட்டில் ஒரு சாமானையும் விட்டு வைக்கவில்லை. மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின், டிவி ரிமோட் எல்லாம் நெற்றியில் சந்தனமும் குங்குமமுமாக மங்களகரமாக இருந்தன. மூலையில் சாத்தியிருந்த குடைக்கும் ஒரு பொட்டு.

அதெல்லாம் போகட்டும். மேஜைமேல் இருந்த அட்டைப் பெட்டி முதலாளியுடையது.

முதலாளி சிவகுருநாதனுக்கு ரத்தக் கொதிப்பு. கோபம் குறைய ஏதாவது கைவேலை பழகுங்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து பிளாஸ்டிக் விமானம் ஒட்ட ஆரம்பித்தார். துண்டு துண்டாக வருவதை நறுக்கி, அரம் போட்டுத் தேய்த்து, ஒட்டி, ஊசி மாதிரிப் பிரஷ்ஷால் வர்ணம் பூசுவார். கோபம் குறையவில்லை. விமானம்தான் கூடிக்கொண்டே போனது. கடைசியாகச் செய்தது ஹரிக்கேன். இரண்டாம் உலகப் போரில் பர்மா எல்லையில் இந்திய விமானிகள் ஓட்டிய சண்டை விமானம். நாளை தசராவன்று மாட்டுங்காவில் மாடல் கண்காட்சி, போட்டி. செம்பூர் வீட்டில் பேரப்பிள்ளைகள் வந்து இறங்கியிருந்ததால், நேற்று பெட்டியை நாணுவிடம் ஒப்படைத்தார்.

"வே நாணு, உம்ம வீட்லதான் பிள்ளைங்க தொந்தரவு கிடையாது. பெட்டியைத் திறக்கக் கூடாது. ஆட்டக் கூடாது. மூச்சு விடணும்னா அந்தப் பக்கமாத் திரும்பி விடும்."

"சரி சார். அந்த நாக்பூர் விஷயம்..."

"தசரா முடியட்டும்வே. மொதல்ல இதைப் பத்திரமாப் பாத்துக்கிடும். அப்புறம் பேசுவோம்."

நாக்பூர் கிளைக்கு நாணுவை மாற்றும் உத்தரவு கையெழுத்துக்காகக் காத்திருந்தது. நாணு மாட்டுங்காவில் பிறந்து, மாட்டுங்காவில் படித்து, எதிர்க் கட்டடத்திலேயே பெண் எடுத்தவர். வேலைக்காக மஸ்ஜித் பந்தர் வரை ரயிலில் போய் வருவதையே தியாகமாக நினைப்பவர். நாக்பூர் என்று யாராவது ஆரஞ்சுப் பழம் கொடுத்தால்கூடச் சாப்பிடுவதில்லை.

ஷ்யாமளாவிடம் விமானம் என்று சொன்னால் கட்டடம் முழுக்க வந்து பார்க்கும் என்பதால், "ஆபீஸ் சாமான், தொடாதே" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார். தொட்டுவிட்டாளே!

மூடியைத் திறந்தார்.

ஒரு சாண் அகலத்துக்குப் பச்சையும் பழுப்புமாக விமானம். இரண்டு இறக்கைகளிலும், உடம்பின் இரண்டு பக்கங்களிலும் நீல வட்டம், அதற்குள் வெள்ளை வட்டம், அதன் நட்ட நடுவே சிவப்பாக ஒரு பொட்டு.

"அடிப்பாவி! இதுக்குமா?"

கோபத்திலும் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. நாலு பொட்டும் காம்பஸ் வைத்து வரைந்ததுபோல் அத்தனை வட்டம். சந்தனம்கூட இல்லை, வெறும் குங்குமம். அவசரத்தில் சந்தனத்தை மறந்திருப்பாள்.

உடனே அவளுக்குப் போன் அடித்தார். பூஜை அலமாரியிலிருந்து மணி ஒலித்தது. சரஸ்வதி படத்துக்கு முன்னால், அவருடைய பேனா, கால்குலேட்டர், வொய்ட்னர், ஸ்குரூ டிரைவர் இவற்றுக்கு நடுவே, பூப் போட்டுக்கொண்டு ஷ்யாமளாவின் போன் அதிர்ந்தது. நாளைக் காலை மறுபூஜை வரை அலமாரியில் எதையும் தொடக்கூடாது என்பது அவள் சட்டம்.

முதலாளி ஆறு மணிக்குப் பெட்டியை எடுக்க வருவார்.

நாணு முதலில் ஊதிப் பார்த்தார். குங்குமம் பறக்கவில்லை. கைக்குட்டையால் மெல்லத் துடைத்தார். குங்குமம் அசையவில்லை, விமானத்தின் முதுகில் தலைமுடி மாதிரி நீட்டியிருந்த கம்பிதான் 'டிக்' என்று அறுந்தது.

குங்குமக் கறைக்குத் தேங்காய் எண்ணெய்தான் மருந்து என்று எங்கோ கேட்ட ஞாபகம். பஞ்சில் தொட்டுத் தேய்த்தார். ஹரிக்கேன் தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கு உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரிப் பளபளத்தது. எண்ணெயை எடுக்க முகப் பவுடரைத் தூவினார். இப்போது மாப்பிள்ளை மாவு மில்லிலிருந்து வந்தவர் மாதிரி ஆகிவிட்டார். பொட்டு மட்டும் அப்படியே இருந்தது.

கீழே கடைகள் எல்லாம் பூஜை போட்டு, கருவிகளைக் கும்பிட்டுவிட்டுச் சாத்தியிருந்தன. திறந்திருந்தது எட்வினின் மொபைல் ரிப்பேர் கடை ஒன்றுதான். தாராவியிலிருந்து தினமும் வந்து போகும் பையன். ஆயுதத்தைத் தொடக்கூடாத கட்டுப்பாடு அவனுக்குக் கிடையாது.

நாணு கூப்பிட்டதும் எட்வின் மாடிக்கு வந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

"என்னா சார் இது, ஜப்பான்காரன் பிளேனா? நடுவுல அவன் கொடி மாதிரிச் செகப்பா இருக்கு?"

"ஜப்பானும் இல்லை, சைனாவும் இல்லை. எங்காத்து மாமி வச்ச குங்குமம். போகணும், அவ்வளவுதான்."

"குங்குமமா? ஏக்தம் ஈஸி. டென்ஷன் ஆவாதீங்க. போன் டிஸ்ப்ளே தொடைக்கிற லிக்விட் இருக்கு. என்ன கறையா இருந்தாலும் ஓடிரும்."

ஓடியது. ஓடிய சிவப்பு வெள்ளை வட்டத்துக்குள் போய் நின்றது. பொட்டு இருந்த இடத்தில் இப்போது பீட்ரூட் பச்சடி இருந்தது.

"எட்வின்!"

"ஒரிஜினல் குங்குமம் போல சார். கெட்டியாப் புடிச்சிருக்கு."

இன்னும் அழுத்தித் துடைத்தான். விமானத்தின் முன்சக்கரம் ஒன்று கழன்று அவன் உள்ளங்கையில் விழுந்தது.

"பதறாதீங்க சார், ஃபெவி... இல்ல, இதைவிட ஸ்ட்ராங்கா இன்ஸ்டன்ட் பசை வச்சிருக்கேன்."

சக்கரம் ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்தப் பசையின் ஆவி பட்டு, விமானி உட்காரும் இடத்துக் கண்ணாடி மூடி கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துப்போயிற்று. இரண்டு பேரும் வாயைத் திறந்தபடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"உள்ள இருக்கிறவருக்குக் கண்ணுல பொரை விழுந்த மாதிரி இருக்கே சார்."

"எனக்கு நாக்பூர்ல வீடு பாரு" என்று நாணு நாற்காலியில் விழுந்தார்.

அப்போதுதான் பூஜை அலமாரி கண்ணில் பட்டது. வொய்ட்னர்! கணக்கில் எத்தனையோ தவறுகளை ஓசைப்படாமல் மறைத்துக் கொடுத்த வெள்ளை. நாணு எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சரஸ்வதி, கோவிச்சுக்காதே. ஆபத்துக்குப் பாவமில்லை."

பீட்ரூட் பச்சடியின் மேல் நாலு இடத்திலும் வெள்ளையைப் பூசினார். அவசரத்தில் ஓரமெல்லாம் கோணல். தூரத்திலிருந்து பார்த்தால் நீல வட்டத்துக்குள் வெள்ளை வட்டம். கிட்டத்தில் பார்த்தால் சுவரில் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது.

"தூரத்துலேர்ந்தே காட்டுங்க சார்" என்று எட்வின் யோசனை சொல்லி முடிப்பதற்குள் அழைப்பு மணி அடித்தது.

ஐந்து மணிதான் ஆகியிருந்தது. வாசலில் முதலாளி. லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியேறி வந்திருப்பார் போல, மூச்சு வாங்கியது. ஒரு கையில் குட்டி வெள்ளை வர்ண பாட்டில், இன்னொரு கையில் மெல்லிய பிரஷ்.

"வே நாணு, பெட்டி எங்கே? யாரும் பாத்தாங்களா?"

"இ... இல்லை சார். இவன் மட்டும்..."

முதலாளி கேட்கும் நிலையில் இல்லை. மூடியைத் தூக்கினார். நாணு கண்ணை மூடிக்கொண்டு நாக்பூர் ரயில் எந்த ஸ்டேஷனில் நிற்கும் என்று யோசித்தார்.

நாணு ஒரு கண்ணைத் திறந்தார். முதலாளி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இறக்கைக்கு மேல் குனிந்திருந்தார். அப்புறம், ஊரிலிருந்து நல்ல செய்தி வந்தவர் மாதிரி ஒரு பெருமூச்சு. வர்ண பாட்டிலும் பிரஷ்ஷும் சத்தமில்லாமல் சட்டைப் பைக்குள் போயின.

"வெள்ளை..." என்றார்.

"சார், அது வந்து..."

"இங்க பாரு தம்பி" என்று முதலாளி எட்வின் பக்கம் திரும்பினார். குரலில் பழைய மிடுக்கு வந்துவிட்டது. "பர்மாச் சண்டையில நம்ம பிளேன்ல செகப்பு வட்டம் இருக்கக் கூடாது. ஏன் தெரியுமா? ஜப்பான்காரன் அடையாளம் செகப்பு. தப்பா நெனச்சு நம்ம ஆளே சுட்டுருவான். அதனால மெக்கானிக்குங்க கையில கெடைச்ச வெள்ளையை எடுத்து செகப்பு மேல அவசர அவசரமாப் பூசுனாங்க. ஓரம் கோணலாத்தான் இருக்கும். இதோ, இதே மாதிரி! நாளைக்கு வார ஜட்ஜு ரிட்டையர்ட் ஏர்ஃபோர்ஸ்காரரு. செகப்பைப் பாத்தா அங்கேயே கிழிச்சுத் தொங்க விட்ருவாரு."

எட்வின் நாணுவைப் பார்த்தான். நாணு எட்வினின் காலை மிதித்தார்.

"தூசி, எண்ணெய் எல்லாம் சரிதான். சண்டையில இருந்த பிளேன்லா. கண்ணாடி மட்டும் ஏன்வே வெளுத்திருக்கு?"

"வெ... வெயில் சார்."

"வெயிலா? போகட்டும். ஸ்பேர் கண்ணாடி இருக்கு, மாத்திக்கிடுதேன். கம்பியும் ஒட்டிக்கிடுதேன்." முதலாளி பெட்டியை மூடி மார்போடு அணைத்துக்கொண்டார். வாசல் வரை போனவர் நின்று, நாணுவின் தோளில் கை வைத்தார். இத்தனை வருஷத்தில் அந்தக் கை அங்கே வந்ததே இல்லை.

"நாக்பூருக்கு வேற ஆளைப் பாத்துக்கிடுதேன். உம்மை மாதிரி ஒரு ஆளு பக்கத்துல இருக்கணும்வே. ஆனா இந்தச் சமாசாரம் நம்மளோட இருக்கட்டும். வெளியே ஒரு வார்த்தை போகக் கூடாது."

மாற்றல் ரத்தானதை இப்போதைக்கு வெளியே சொல்ல வேண்டாம் என்கிறார் என்று நாணு எடுத்துக்கொண்டார். "தலை போனாலும் சொல்ல மாட்டேன் சார்" என்றார்.

கார் கிளம்பும் சத்தம் கேட்டதும் எட்வினைக் கட்டிக்கொண்டார். குங்குமத்தின்மேல் பூசிய வெள்ளையை, தான் அடித்த வெள்ளை என்றே நம்பிவிட்டாரே மனிதர்! வயதானால் கண் போய்விடுகிறது. அதுவும் நல்லதுக்குத்தான்.

ஷ்யாமளா சுண்டல் பொட்டலங்களோடு வந்தபோது, நாணு ஊஞ்சலில் காலாட்டிக்கொண்டு ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஷ்யாமு, நாக்பூர் கேன்சல்!"

"நிஜமாவா! நான் அக்காவாத்துக் கொலுவுல வேண்டிண்டதுதான்" என்று பூஜை அலமாரிக்குக் கும்பிடப் போனவள், கூப்பிய கையோடு நின்றாள். "ஏன்னா, இங்க வச்சிருந்த வொய்ட்னர் எங்கே? மறுபூஜைக்கு முன்னால யார் எடுத்தா?"

நாணு பெரிய மனதோடு சிரித்தார்.

"நான்தான் எடுத்தேன். கோபிச்சுக்கமாட்டேன், பயப்படாதே. முதலாளி ஏரோப்ளேன்ல நீ வச்ச குங்குமத்தை மறைக்கறதுக்குள்ள எனக்குப் பாதி உயிர் போயிடுத்து. அதுவும் ஒண்ணா ரெண்டா, நாலு எடத்துல! வட்டத்தைக் கண்டா பொட்டு வச்சுடுவியா?"

ஷ்யாமளா சுண்டல் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன உளர்றேள்? தொடாதேன்னு சொன்னேளேன்னு, பெட்டி மூடிமேல விரல் நுனியால ஒரே ஒரு பொட்டு வச்சேன். உள்ளே இருந்தது ஏரோப்ளேன்னே இப்போ நீங்க சொல்லித்தானே எனக்குத் தெரியறது!"